சோளத்தட்டுச் சாற்றால் களையை அடக்குதல்: கிழக்குச் சித்தூர் கடலைக்காட்டுச் செய்முறை

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தின் கிழக்கு விளிம்பில் நிலக்கடலையும் காய்கறியும் வைக்கிறவர்களுக்குக் களையெடுப்புக் கூலிதான் பெரிய சுமை. 2019இல் கேரள அரசு கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தடை செய்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசும் அதைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மட்டுமே அடிக்கலாம் என்று கட்டுப்படுத்தியது. அதிலிருந்து இயற்கைக் களைக்கொல்லி என்ற பெயரில் பலவிதக் கரைசல்கள் இந்தப் பக்கம் சுற்றுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை உப்புத் தண்ணீர். உண்மையாகவே செடியிலிருந்து எடுத்து, பயிர் நிற்கும் நிலத்தில் அடிக்கக்கூடியதாக, வீட்டு அளவில் செய்ய முடிவது சோளத்தட்டுச் சாறு, அதாவது கதிர் அறுத்த சோளத்தின் காய்ந்த தண்டையும் தோகையையும் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அதைச் செய்யும் முறையும், அது எங்கே கைவிடும் என்பதும் இந்தப் பதிவில்.

எடுத்த எடுப்பில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சாறு வளர்ந்த களையைக் கொல்லாது. முளைக்கிற விதையையும் இரண்டு இலை விட்ட நாற்றையும் முடக்கும், அவ்வளவுதான். முழங்கால் உயரப் பார்த்தீனியத்தின் மேல் அடித்துவிட்டு மறுநாள் கருகியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒரு செடி வெளியிடும் பொருள் பக்கத்துச் செடியின் முளைப்பையும் வளர்ச்சியையும் பாதிக்கும் இந்தத் தன்மைக்கு அல்லெலோபதி என்று 1937இல் பெயர் வைத்தவர் ஹான்ஸ் மோலிஷ் என்ற தாவரவியலாளர். சோளத்தில் இது இரண்டு வழியில் நடக்கிறது. வேர்மயிர்களின் நுனியில் சொர்கோலியோன் என்ற எண்ணெய்ப் பசை கசிகிறது. அது இளம் நாற்றின் ஒளிச்சேர்க்கையைத் தடுக்கும். ஆனால் தண்ணீரில் கரையாது. தட்டிலும் தோகையிலும் இருப்பது வேறு: ஃபெரூலிக் அமிலம், கூமாரிக் அமிலம் மாதிரியான பீனால் பொருட்கள். இவை தண்ணீரில் இறங்கும். நாம் ஊறவைத்து எடுப்பது இந்த இரண்டாவது கூட்டத்தை. ஆகவே வேரைத் தோண்டி எடுத்து ஊறப்போடுவது வீண்வேலை. வேரின் பலன் வேண்டுமென்றால் சோளம் அறுத்த அடிக்கட்டையை நிலத்திலேயே விட்டுவிட வேண்டும்.

தண்ணீரில் ஊறவைத்து அடிக்கும் முறையை ஒழுங்காக அளந்து பார்த்தவர்கள் பாகிஸ்தானின் ஃபைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தார். சொர்காப் என்று அதற்குப் பெயர். அங்கே கோதுமையில் களையின் உலர்எடை மூன்றில் ஒரு பங்கு முதல் ஏறக்குறையப் பாதி வரை குறைந்தது. இங்கே எதிர்பார்ப்பையும் அந்த அளவில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று கைக்களை எடுக்கிற இடத்தில் ஒன்று குறைந்தால் சாறு தன் வேலையைச் செய்துவிட்டது.

தட்டு

முற்றிய, கதிர் அறுத்த, நன்றாகக் காய்ந்த சோளத்தட்டு வேண்டும். நாட்டுச் சோளமானாலும் தீவனத்துக்குப் போடும் சோளமானாலும் சரி. பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, உடுமலைப் பக்கம் மானாவாரியில் மாட்டுக்கென்று விதைத்துக் கட்டுக்கட்டாக விற்பது போதும். மக்காச்சோளத் தட்டு இதற்கு மாற்று ஆகாது.

தட்டு வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அடுக்கி வைத்த தட்டுப்போர் மழையில் நனைந்ததா? நனைந்திருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டியது முன்பே இறங்கி மண்ணுக்குப் போய்விட்டது. அந்தத் தட்டில் எவ்வளவு ஊறவைத்தாலும் வெளுத்த டீத்தண்ணீர் நிறம்தான் வரும். நல்ல தட்டின் சாறு அடர்ந்த பழுப்பில், லேசான இனிப்பு வாசத்தோடு இருக்கும். இரண்டாவது, அந்தச் சோளக்காட்டில் களைக்கொல்லி அடித்தார்களா? சோளத்துக்கு அட்ரசின் அடிக்கும் வழக்கம் உண்டு. அப்படிப்பட்ட காட்டுத் தட்டை எடுத்துச் செய்தால் நாம் எதை அடிக்கிறோம் என்றே தெரியாமல் போகும். இயற்கைச் சான்றிதழில் இருக்கிற தோட்டத்துக்கு இது இன்னும் முக்கியம்.

பச்சைச் சோளத்தை, அதிலும் பூட்டை வராத இளம்பயிரை, இதற்கு வெட்ட வேண்டாம். அதில் துரின் என்ற பொருள் அதிகம். நசுங்கினால் அதிலிருந்து சயனைடு பிரியும். வறட்சியில் வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்து மாடு சாவது இதனால்தான். முற்றிக் காய்ந்த தட்டில் அந்தப் பயம் மிகக் குறைவு.

அளவு

ஒரு ஏக்கருக்குக் காய்ந்த தட்டு 15 கிலோ, தண்ணீர் 150 லிட்டர். எடைக்குப் பத்து மடங்கு தண்ணீர் என்பது கணக்கு. தட்டு தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். பிழிந்தது போக 120 லிட்டர் சாறு கையில் நிற்கும்.

தட்டைத் தீவனம் வெட்டும் மெஷினில் 2 சென்டிமீட்டர் துண்டாக வெட்ட வேண்டும். முழத்துண்டாகப் போட்டால் வெளித்தோலின் மெழுகு தண்ணீரை உள்ளே விடாது, தண்டின் உள்ளிருக்கும் வெள்ளைச் சோறு நனையவே நனையாது. தூளாக அரைத்தாலும் கெடுதல்: சாறு கூழாகி வடிகட்ட முடியாது, நாசில் மணிக்கொரு தரம் அடைக்கும்.

வெட்டிய துண்டை வெங்காயம் வரும் வலைப்பையில் தளர்வாக நிரப்பிக் கட்டி, 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் இறக்கி, மேலே கல் வைத்து அமுக்க வேண்டும். கல் இல்லாவிட்டால் பாதித் தட்டு மிதந்தபடி நனையாமலே கிடக்கும். பையாகக் கட்டினால் வடிக்கிற நேரம் மிச்சம். பையைத் தூக்கித் தொங்கவிட்டு, மிதித்துப் பிழிந்தால் முடிந்தது. இரும்பு டிரம் ஆகாது. பீனால் பொருட்கள் இரும்போடு சேர்ந்து சாறு கருநீலமாக மாறும். அப்படிக் கட்டுப்பட்டது களைக்கு வேலை செய்யாது.

ஊறல் 24 மணி நேரம், நிழலில். இடையில் இரண்டு தடவை பையைத் தூக்கி அமுக்கினால் நல்லது. அதிக நாள் ஊறினால் வீரியம் கூடும் என்று நினைத்து மூன்று நாள், நான்கு நாள் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறு. இரண்டாம் நாளிலிருந்து நுரை கட்டிப் புளிக்கத் தொடங்கும். நமக்கு வேண்டிய பீனால் பொருட்களையே நுண்ணுயிர்கள் தின்னும். மண்ணில் போய் இந்தச் சாறு இரண்டு வாரத்துக்குள் வலுவிழப்பதும் அதே காரணத்தால்தான். அமிர்தக்கரைசல், ஜீவாமிர்தம் போன்ற இயற்கை உரக்கரைசல்கள் செய்து பழகிய கை இங்கே தடுமாறும். அவை புளிக்க வேண்டியவை, இது புளிக்கக் கூடாதது. வெல்லமோ மோரோ கோமியமோ இதில் சேர்க்க வேண்டாம்.

வடிகட்டுவதை இரண்டு படியாகச் செய்யவும். முதலில் சாதாரண வலை, பிறகு இரண்டு மடிப்புப் பழைய வேட்டி. டேங்கில் ஊற்றும்போது அதன் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றிப் போடாமல் இருந்தாலே பாதி அடைப்பு வராது.

காய்ச்சுவதா வேண்டாமா

ஃபைசலாபாத் முறையில் சாற்றைக் கொதிக்கவைத்து இருபதில் ஒரு பங்காக வற்றவைப்பார்கள். 120 லிட்டர் சாறு 6 லிட்டர் ஆகும். கெடாது, கேனில் எடுத்துப் போகலாம், வேறு செடிச் சாறுகளோடு கலக்கலாம். ஆனால் விறகுக் கணக்கைப் பார்க்க வேண்டும். 114 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க, திறந்த அடுப்பில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால், 90 முதல் 100 கிலோ காய்ந்த விறகு போகும். வற்றிய 6 லிட்டரை மறுபடி 100 லிட்டருக்கு மேல் தண்ணீரில் கலந்துதான் அடிக்கிறோம். அப்படியானால் சொந்தக் காட்டுக்கு அன்றைக்கு வடித்ததை அன்றைக்கே அடிக்கிறவர் எதற்காகக் காய்ச்ச வேண்டும்? நேரடிச் சாறே போதும்.

காய்ச்சுவது பொருத்தம் ஆகிற இடம் ஒன்றுண்டு. தை, மாசியில் தட்டு மலிவாகக் கிடைக்கிறது, வைகாசி ஆனி விதைப்புக்கு வேண்டும், தட்டை மழைபடாமல் வைக்கக் கூரை இல்லை என்றால் காய்ச்சி வைக்கலாம். எவர்சில்வர் அல்லது அலுமினிய அண்டாவில், தென்னை மட்டை, பாளை, தேங்காய்த் தொட்டி என்று தோட்டத்துக் கழிவை எரித்து. வெல்லக் கொப்பரை இரும்பு என்பதால் வேண்டாம். கடைசிப் பத்து லிட்டருக்கு வந்ததும் தீயைக் குறைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், அடி பிடித்தால் கரித்தூள் வந்து நாசிலை அடைக்கும். ஆறியதும் கேனை விளிம்பு வரை நிரப்பிக் காற்று இல்லாமல் மூடி நிழலில் வைக்கவும். மேலே பூஞ்சணம் படர்ந்திருந்தால் அதை அடிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

அடிக்கும் முன் முளைப்புச் சோதனை

ஒவ்வொரு தட்டுக்கட்டும் ஒரே வீரியத்தில் இருக்காது. ரகம், வெயில், நிலம், மழையில் நனைந்தது எல்லாம் சேர்ந்து மாறும். அதனால் ஒரு கைப்பிடி விதையை வைத்துப் பார்க்காமல் ஏக்கர் கணக்கில் அடிப்பது சரியல்ல. ஒரு கிலோ தட்டை மட்டும் முதலில் ஊறவைத்து இதைச் செய்துவிடலாம்.

நான்கு சாப்பாட்டுத் தட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு மடிப்புப் பருத்தித் துணி. முதல் தட்டுக்கு வெறும் தண்ணீர். இரண்டாவதற்கு ஒரு பங்கு சாறு, மூன்று பங்கு தண்ணீர். மூன்றாவதற்குச் சரிபாதி. நான்காவதற்குச் சாறு மட்டும். துணி நனையும் அளவுதான், தேங்கக் கூடாது. ஒவ்வொரு தட்டிலும் கீரைத்தண்டு விதை 20, கடுகு 20, விதைக்கப்போகும் பயிரின் விதை 10. கீரைத்தண்டு குப்பைக்கீரைக்கு உறவு, காட்டில் சாறு எப்படி வேலை செய்யும் என்பதற்கு நல்ல சாட்சி. மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி, நான்காம் நாள் பிரித்துப் பார்க்கவும். முளைத்த எண்ணிக்கையைவிட வேரின் நீளம்தான் உண்மையைச் சொல்லும். சாறு நன்றாக இருந்தால் முளை வந்தும் வேர் குட்டையாக, நுனி பழுத்துச் சுருண்டு நிற்கும். நான்காம் தட்டிலும் கீரையின் வேர் முதல் தட்டைப் போலவே நீண்டிருந்தால் அந்தச் சோளத்தட்டுக் கட்டு மூடாக்காக மண்மேல் பரப்பத்தான் ஆகும். பயிர்விதையின் வேரும் சேர்ந்து குட்டையாகியிருந்தால் அந்தப் பயிருக்கு முளைக்கும் முன் அடிக்க வேண்டாம்.

வெறும் தண்ணீர்த் தட்டுக்கும் சாறு எடுத்த அதே போர்க்கிணற்றுத் தண்ணீரையே விட வேண்டும். கிழக்குச் சித்தூரில் பல போர்க்கிணறுகளில் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது. ஒரு பக்கம் மழைத்தண்ணீர், மறுபக்கம் போர்த் தண்ணீர்ச் சாறு என்று வைத்தால் உப்பு செய்த வேலையைச் சோளத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

காட்டில்

கடலைக்கு அடிக்கும் வரிசை இப்படி. விதைப்புக்கு முன் ஒரு தண்ணீர் பாய்ச்சி அல்லது ஒரு மழையை வாங்கி, ஏழெட்டு நாள் விட்டால் மேல்மண்ணில் இருக்கும் களைவிதைகள் முளைத்து வரும். அதை ஆழமாகக் கிளறாமல் மேலாக ஒரு கொத்து அல்லது பலகைக் கலப்பையால் சுரண்டி அழித்துவிட்டு விதைக்க வேண்டும். இந்த ஒரு வேலையே சாற்றைவிடப் பெரிய பலன் தரும் என்பதை மறைக்கத் தேவையில்லை. சாறு அதற்குப் பிறகு வருகிற இரண்டாம் முளைப்பைப் பிடிக்க.

கடலையை 4 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, தண்ணீர் விட்டு, மேல்மண் ஈரம் இருக்கும்போது, விதைத்த இரண்டாம் நாளுக்குள் முதல் தெளிப்பு. களைவிதை மேல் ஒரு சென்டிமீட்டரில் இருக்கிறது, கடலைப்பருப்பு கீழே இருக்கிறது, பருப்பும் பெரிது. அந்த ஆழ வித்தியாசம்தான் பயிரைக் காப்பாற்றுகிறது. அடித்த பிறகு தண்ணீர் பாய்ச்சினால் சாறு கீழே இறங்கி வேண்டாத இடத்தில் போய் நிற்கும், மேலே களை முளைக்கும். வரிசை மாறவே கூடாது: தண்ணீர் முதலில், சாறு பிறகு. நல்ல மழை பெய்தால் அந்தத் தெளிப்புப் போனதுதான்.

16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயரில் ஏக்கருக்கு ஏழரை டேங்க், அதாவது ஒரு டேங்க் சுமார் 13 சென்ட். பூச்சிமருந்துக்கு வைக்கும் குழல்கூம்பு நாசிலை மாற்றிவிட்டுத் தட்டை விசிறி நாசில் போட வேண்டும். மண்மேல் சமமாகப் படிய வேண்டியது முக்கியம், பொடித் துளியாகப் பறக்க வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெரிந்ததுதானே, ஆனி ஆடியில் மேற்கிலிருந்தும் மார்கழி தையில் கிழக்கிலிருந்தும் ஆளைத் தள்ளும். விடிந்ததும் அடித்து, காற்று எழும் முன் முடித்துவிட வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் கீரைப்பாத்தியோ தக்காளி நாற்றங்காலோ இருந்தால் அந்த ஓரத்தில் இரண்டு சால் விட்டுவிடலாம்.

இரண்டாம் தெளிப்பு 15 முதல் 20 நாளில், சால் இடைவெளியில் மட்டும், நாசிலைத் தாழ்த்திப் பிடித்து. இப்போது களை இரண்டு மூன்று இலையில் இருக்கும். இலையில் ஒட்டிப் பரவ ஏதாவது சேர்க்க வேண்டும். வழக்கமாகச் சொல்வது காதி சோப்பு. கடினத் தண்ணீரில் அது திரிந்து, தயிர்க்கட்டி போல மிதந்து, வடிகட்டியை அடைக்கும். பூந்திக்கொட்டை திரியாது. ஒரு டேங்குக்கு 30 கிராம் தோலை முந்தின இரவு ஊறவைத்துக் கசக்கி வடித்த நுரைத்தண்ணீரைக் கடைசியில் சேர்த்தால் போதும். அந்த டேங்கைக் குளத்திலோ மீன் விட்டிருக்கும் தொட்டியிலோ கழுவக் கூடாது, பூந்திக்கொட்டையின் சபோனின் மீனைக் கொல்லும்.

கடலைக்கு முதல் 45 நாள்தான் களையால் அதிக நஷ்டம். 40 முதல் 45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கும்போது ஒரு கைக்களை எப்படியும் நடக்கும். அதற்கு முன் நடக்கும் கைக்களையைத்தான் சாறு மிச்சப்படுத்தப் பார்க்கிறது. கடலையின் விழுது மண்ணில் இறங்கிய பிறகு சாறும் வேண்டாம், கொத்தும் வேண்டாம்.

எது அடங்குகிறது, எது அடங்காது

சாரணை, பருப்புக்கீரை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை, பார்த்தீனியம் என்று சின்ன விதையிலிருந்து முளைக்கும் அகன்ற இலைக் களைகள்தான் சாற்றுக்குப் பணிபவை. விதையில் சேமிப்பு குறைவு, வேர் குட்டையானால் அந்த நாற்றுக்கு மீள வழியில்லை. காக்காகால் புல், குதிரைவாலிப்புல் போன்றவை அடங்குவது குறைவு. கோரைக்கிழங்கும் அருகம்புல்லும் இதற்கு அசையாது. கோரையின் இலை நுனி கொஞ்சம் பழுக்கும், கிழங்கு அடுத்த வாரமே புது இலை அனுப்பும். கோரை நிறைந்த காட்டில் சாறு அடிக்கிற காசைச் சேமித்து, சித்திரை வெயிலில் ஆழ உழுது கிழங்கை மேலே புரட்டிக் காயவிடுவதற்குச் செலவழிப்பது நல்லது.

மண்ணும் பேசும். கேரளத்தில் கரிசல் மண் இருப்பது இந்தச் சித்தூர் வட்டத்தில்தான். கரிசலின் களித்துகள் சாற்றிலிருக்கும் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தொழு உரம் அதிகம் போட்ட மண்ணும் அப்படியே. செம்மண் சரளையில் அதே சாறு கூடுதலாகத் தெரியும். கரிசலில் முதல் தெளிப்புக்கு 10 நாள் கழித்துச் சால் இடைவெளியில் மட்டும் இன்னொன்று செய்தால்தான் ஓரளவுக்குப் பலன். அதற்கு மேல் அளவைக் கூட்டுவதைவிட மூடாக்குக்குப் போய்விடலாம்.

சின்ன வெங்காயம், கேரட், கீரை, நேரடி விதைப்புத் தக்காளி போன்ற சின்ன விதைப் பயிர்களுக்கு முளைப்புக்கு முன் இதை அடிக்கவே கூடாது. களைக்கும் பயிருக்கும் அங்கே வித்தியாசம் இல்லை. கத்தரி, மிளகாய் நட்ட காட்டில் நாற்று வேர்பிடித்த பிறகு, இலையில் படாமல் இடைவெளியில் மட்டும் அடிக்கலாம். தென்னந்தோப்பில் இதற்கு அவசியமே இல்லை, அங்கே தென்னை மட்டை மூடாக்கை வெல்ல எதுவும் கிடையாது.

பிழிந்த தட்டை எறிய வேண்டாம். இன்னும் கொஞ்சம் சத்து அதில் நிற்கிறது, அதைவிட முக்கியமாக அது வெளிச்சத்தை மறைக்கும். கத்தரி, மிளகாய்ச் சாலில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ காய்ந்த தட்டு என்ற கணக்கில் பரப்பினால் சாற்றைவிட அதிக நாள் களை அடங்கும். பிழிந்த 15 கிலோ ஒரு மூலைக்குத்தான் வரும், மீதிக்குப் புதுத்தட்டு வேண்டும். தட்டு மட்கும்போது மண்ணின் தழைச்சத்தை நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும், இளஞ்செடி வெளுக்கும். செடியின் தூரில் கைப்பிடி கடலைப்பிண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினால் பச்சை திரும்பும்.

உப்பும் கோமியமும்

இந்தப் பக்கம் அதிகம் கைமாறும் செய்முறை, பத்து லிட்டர் கோமியத்தில் இரண்டு கிலோ கல் உப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்து அடிப்பது. மறுநாளே களை கருகும், அதனால்தான் இதற்கு இவ்வளவு பேர். கருக்குவது உப்பும் கோமியத்தின் அம்மோனியாவும், செடிச் சாறு ஒன்றும் அதில் இல்லை. ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் 40 கிலோ உப்பு நிலத்தில் விழுகிறது. ஒரு தடவையில் நிலம் கெட்டுவிடாது. ஆனால் களை திரும்பத் திரும்ப வரும், உப்பும் திரும்பத் திரும்பப் போகும், மழை குறைந்த கிழக்குச் சித்தூரில் அதைக் கழுவிக்கொண்டு போகத் தண்ணீர் இல்லை. கரிசல் மண்ணில் சோடியம் ஏற ஏறக் களித்துகள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும். நனைந்தால் சேறு, காய்ந்தால் பாறை, தண்ணீர் உள்ளே இறங்காது. கடலையும் அவரையும் வெங்காயமும் உப்பைத் தாங்கும் பயிர்களும் அல்ல. அதைத் திருத்த ஜிப்சமும் நல்ல தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும், அந்தச் செலவு பல களையெடுப்புக் கூலியைத் தாண்டும். தென்னை உப்பைத் தாங்கும் என்பது உண்மை. அதை வைத்துத் தோப்பில் ஊடுபயிர் வைக்கும் இடத்திலும் அடிப்பது சரியாகாது. வரப்பிலும் வழியிலும் மட்டும் என்றாலும் அந்த உப்பு மழையில் காட்டுக்குள்ளேதான் ஒழுகும்.

வரப்புக்கும் வாசலுக்கும் கருக்கிவிடும் ஒன்று வேண்டுமென்றால் வினாகிரி (வினிகர்) இருக்கிறது. சித்தூர் கள்ளுக்குப் பேர்போன இடம், கள்ளு வினாகிரி கடையில் கிடைக்கும். நான்கு ஐந்து சதவீத அமிலம் இரண்டு இலை நாற்றைக் கருக்கும், வளர்ந்த களைக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டும். அந்தச் செறிவு கண்ணைக் கெடுக்கும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடக் கூடாது. வேர் சாகாது, பல்லாண்டுக் களை மறுபடி தழைக்கும், ஆனால் மண்ணில் மிச்சம் நிற்காது என்பதில் உப்பைவிட எவ்வளவோ மேல்.

யூகலிப்டஸ் தைலமும் எலுமிச்சைப்புல் தைலமும் இளங்களையைக் கருக்கும் தன்மை உள்ளவைதான். ஆனால் ஐந்து சதவீதம் அடிக்க ஒரு டேங்குக்கு 800 மில்லி தைலம் போகும். ஏக்கர் கணக்குக்குக் கட்டுப்படியாகாது, தண்ணீரில் கலக்கப் பூந்திக்கொட்டையும் நிறைய வேண்டும். யூகலிப்டஸ் இலையை ஊறவைத்து அடிப்பவர்கள் பயிருக்குள் அடிக்காமல் பாதையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அது களை பயிர் என்று பார்க்காது. பார்த்தீனியத்தையே ஊறவைத்துப் பார்த்தீனியத்துக்கு அடிக்கும் யோசனையும் உண்டு. பூத்த செடியை எடுத்தால் விதையை நாமே காடு முழுக்கத் தூவுகிறோம். அதை வெட்டிக் கசக்கும் ஆளுக்குத் தோல் அரிப்பும் மூச்சுத்திணறலும் வரும். அந்த வேலைக்கு ஆளை விடுவது நியாயமில்லை.

பலனை அளப்பது

பலன் தெரிந்ததா இல்லையா என்று கண்ணால் சொல்வது நம்பத்தக்கதல்ல. அடித்தவனுக்கு எப்போதும் குறைந்த மாதிரிதான் தெரியும். காட்டின் நடுவில் இரண்டு மீட்டர் அகலத்தில் ஒரு பட்டையைச் சாறு அடிக்காமல் விட்டு, அங்கே அதே நாளில் வெறும் தண்ணீரை அதே நாசிலில் அடிக்க வேண்டும். அரை அங்குலப் பிவிசி குழாயை வெட்டி உள்ளளவு 50 சென்டிமீட்டர் இருக்கும் சதுரச் சட்டம் ஒன்று செய்து, அடித்த பக்கம் நான்கு இடத்தில், அடிக்காத பட்டையில் நான்கு இடத்தில் கண்ணை மூடி வீசி, சட்டத்துக்குள் நிற்கும் களையை வகைவகையாக எண்ணி எழுதவும். 10, 20, 30 ஆம் நாள். முப்பதாம் நாள் அவற்றைப் பிடுங்கி வேர்மண்ணை உதறி, வெயிலில் காயவைத்து எடை போடவும். அடிக்காத பட்டையின் எடையிலிருந்து அடித்த பக்கத்து எடையைக் கழித்து, அடிக்காத எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம். அது 30க்குக் கீழே நின்றால், தட்டு நனைந்ததா, மழை கழுவியதா, களை கோரையா, மண் கரிசலா என்று இந்த வரிசையில் தேடவும். எண்ணிக்கை குறையாமல் எடை மட்டும் குறைந்திருந்தால் அதுவும் பலன்தான்: களை முளைத்திருக்கிறது, ஆனால் கடலை இலை மூடும் வரை தலைதூக்கவில்லை.

சட்டத்துக்குள் கடலைச் செடியையும் எண்ணவும். அடித்த பக்கம் செடி குறைந்திருந்தால், ஊன்றிய ஆழம் போதவில்லை அல்லது தெளிப்பு இரண்டாம் நாளைத் தாண்டி, முளை மேலே வரும் நேரத்தில் விழுந்திருக்கிறது. அடுத்த போகத்தில் அந்த நிலத்தில் முதல் தெளிப்பை விட்டுவிட்டு, 15ஆம் நாள் சால் இடைவெளித் தெளிப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.